மீன் பானை முறை

ஒரே இடத்தில் உட்கார் என்றால் எனக்கு உடம்பு எரியும். போன மாதம் வேளாண்மைத் துறைப் பிள்ளைகள் என்னைப் பொன்னேரியில் ஒரு கூட்டத்துக்கு அழைத்துப்போய், அரை நாள் மேடையில் உட்கார வைத்துவிட்டார்கள். பொன்னாடை வேறு. அந்தப் புழுக்கத்தில் பொன்னாடையைப் போர்த்துகிறவர்களுக்கு ஈவு இரக்கம் கிடையாது.

அங்கே ஓர் இளம் அதிகாரி, பேனா போல ஒரு கருவியைத் தண்ணீரில் நனைத்துக் காட்டினார். நம்பர் வந்தது. வயல் வடிகால் தண்ணீர் நல்லதா கெட்டதா என்று இனி நிமிடத்தில் தெரிந்துவிடுமாம். நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். “நல்லதுன்னு வந்தா யார் குடிக்கப் போறா?” எல்லாரும் சிரித்தார்கள். மேடையில் ஆளுக்கொரு பாட்டில் தண்ணீர் இருந்தது. நான் கிண்டல் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள் போலிருக்கிறது. அந்தக் காலத்தில் விவசாயிகளை எப்படி ஒன்று சேர்த்தீர்கள், சொல்லுங்கள் என்று மைக்கைக் கொடுத்தார்கள். மேடையில் கோபம் வந்தால் எனக்கு நாக்கு குழறும். ஏதோ உளறிவிட்டு இறங்கினேன். அங்கே சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன். எழுதும்போதும் பாதி நேரம் நடந்துகொண்டுதான் இருக்கிறேன்.

நான் கிராம சேவக்காக வேலை பார்த்தவன். தொழு உரக்குழி வெட்டவும், விதை நேர்த்தி செய்யவும், சர்க்கார் பாரம் நிரப்பவும் சொல்லிக்கொடுத்து, ஒரு சைக்கிளையும் காட்டி, போ என்று கும்மிடிப்பூண்டி பக்கம் அனுப்பினார்கள். பயிற்சியைப் பற்றிச் சொல்ல வேறு ஒன்றும் இல்லை. என் அப்பா திருநின்றவூருக்கு அந்தப்புறம் ஒரு பண்ணையில் கூலி ஆள். எங்கள் வீட்டில் வயலுக்குச் செருப்புப் போட்டுக்கொண்டு போன முதல் ஆள் நான்தான். சாமுவேல் என்ற பெயரைக் கேட்டதுமே ஊர்க்காரர்களுக்கு என் கதை முழுக்கத் தெரிந்துவிடும். ஆகவே, எனக்கென்று ஓர் அலுமினிய டம்ளர் மாட்டுக்கொட்டகை எரவாணத்தில் செருகியிருந்தது. சர்க்கார் ஆள் என்பதால் அலுமினியம். இல்லாவிட்டால் கொட்டாங்குச்சி.

நான் சொல்லப்போகும் ஊர் ஆரம்பாக்கத்துக்கு மேற்கே இருக்கிறது. பெயர் வேண்டாம், அவர்கள் பேரப்பிள்ளைகள் இன்று என்னோடு நன்றாகத்தான் பேசுகிறார்கள். மேற்கே ஏரி. ஏரிக்குக் கீழே ஊர்க்காரர்களின் வயல். வயலுக்குக் கீழே வடிகால். அந்த வடிகால் வந்து விழும் இடத்தில் ஒரு குட்டை. குட்டைக் கரையில் சேரி. சேரி ஜனங்கள் குடிப்பது, சமைப்பது, குளிப்பது எல்லாம் அந்தக் குட்டைத் தண்ணீரில். ஊர்க் கிணற்றில் அவர்கள் வாளி இறக்கக் கூடாது. வயலில் சாணமும் தழையும் மட்டும் போட்ட காலத்தில் குட்டைத் தண்ணீர் கலங்கலாக இருந்ததே தவிர, யாரையும் கொல்லவில்லை.

அறுபதுகளின் கடைசியில் ஐ.ஆர். எட்டு நெல் வந்தது. குட்டைப் பயிர், கொத்துக் கொத்தாய்க் கதிர். பூச்சிக்கும் அது பிடித்துப்போயிற்று. யூரியா போடு, எண்ட்ரின் அடி என்று ஊர் ஊராகப் போய்ச் சொன்னவர்கள் நாங்கள்தான். சர்க்கார் எங்களுக்குச் சொன்னது, நாங்கள் ஜனங்களுக்குச் சொன்னோம். மருந்து அடித்த மறுநாளே வயல் தண்ணீரை வடித்துவிட்டுப் புதுத் தண்ணீர் கட்டுவார்கள். அதை யாரும் தப்பென்று நினைக்கவில்லை. எச்சில் இலையைக் கொல்லையில் போடுவது மாதிரிதான் அது.

எனக்கு மேலதிகாரியாக இருந்தவர் தேசிகன் சார், விவசாய விரிவாக்க அலுவலர். திருவள்ளூரில் கோயில் கைங்கரியம் செய்யும் குடும்பம். நெற்றியில் மெல்லிசாய் ஸ்ரீசூர்ணக் கோடு, கக்கத்தில் குடை, கையில் பித்தளைக் கூஜா. எந்த ஊருக்குப் போனாலும் அவர் தன் கூஜாத் தண்ணீரைத்தான் குடிப்பார். மணியக்காரர் வீட்டு மோரைக்கூடத் தொடமாட்டார். யாரும் தப்பாக எடுத்துக்கொண்டதில்லை. ஐயர் ஆசாரம் என்று விட்டுவிடுவார்கள்.

ஆனால் வேலையில் அவரைப் போல ஒருவரை நான் அப்புறம் பார்க்கவில்லை. ஓர் ஊருக்குப் போனால் ரோட்டோரம் இருக்கும் நல்ல வயலில், நாற்காலி போட்டு இளநீர் வெட்டி வைத்திருக்கும் இடத்தில் ஆரம்பிக்கவே மாட்டார். நேரே கடைமடைக்குப் போவார். செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, தண்ணீர் வந்து சேரும் கடைசி இடத்திலிருந்து வரப்பின்மேல் மேற்கே பார்த்து நடப்பார். எனக்கு அது பேஜாராக இருக்கும். நான் சைக்கிளில் பறக்கிற ஆள். ஒருநாள் வாய்விட்டுக் கேட்டே விட்டேன். “தண்ணி எங்கேருந்து வரதுன்னு எல்லாரும் சொல்றான் சாமுவேல். எங்கே போறதுன்னு எவன் சொல்றான்?” என்றார். குரலை உயர்த்தவே மாட்டார். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

ஒரு மாசி மாதம் காலையில், சேரியிலிருந்து கன்னியம்மா என் சைக்கிளை வழிமறித்தாள். ஒண்டி ஆளாய் வாத்து மேய்த்துப் பிழைத்தவள். இரண்டு கையிலும் செத்த வாத்துகளைக் கழுத்தைப் பிடித்துத் தொங்கவிட்டிருந்தாள். அவற்றை என் முன்சக்கரத்துக்கு முன்னால் போட்டாள்.

“நீ அடிக்கச் சொன்ன மருந்து பூச்சிக்குத்தானேப்பா சேவக்கு? இதுங்களுக்கும் ரெக்க கீதுன்னு, பூச்சின்னு நெனச்சிக்கிச்சா?”

அழவில்லை, கத்தவில்லை. குட்டையில் மீன் மிதக்கிறது என்றும், அதே தண்ணீரைத்தான் அன்று காலையிலும் மொண்டு குடித்தார்கள் என்றும், வேறு தண்ணீருக்கு எங்கே போவது என்றும் சொன்னாள். எனக்கு ரத்தம் கொதித்தது. ஊருக்குள் போய் நாலு பேரைச் சட்டையைப் பிடித்துக் கேட்க வேண்டும் என்று சைக்கிளைத் திருப்பினேன். பின்னால் வந்த தேசிகன் சார் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டார். “இங்கேருந்து நடப்போம்” என்றார்.

நடந்தோம். ஒவ்வொரு வயலின் வடிமடையாகப் பார்த்துக்கொண்டு போனோம். ஒருவன் தெளிப்பான் டப்பாவை வடிகாலில் அலசிக்கொண்டிருந்தான். இன்னொருவன் முந்தாநாள் மருந்தடித்த தண்ணீரை அன்றுதான் திறந்துவிட்டிருந்தான். அடுத்தவன், நான் அடித்துப் பத்து நாள் ஆகிறது, என் தண்ணீர் இல்லை என்றான். அவன் சொன்னதும் உண்மை. ஆளாளுக்கு ஒரு நாள் அடித்தார்கள், ஆளாளுக்கு ஒரு நாள் வடித்தார்கள். ஒருவன் தண்ணீர் தெளியும்போது அடுத்தவன் விஷம் வந்து சேர்ந்தது. தனித்தனியாகப் பார்த்தால் யார் மேலும் குற்றமில்லை, குட்டை மட்டும் செத்துக்கொண்டிருந்தது.

தேசிகன் சார் இரண்டு மண்பானை கொண்டுவரச் சொன்னார். ஒன்றில் ஏரித் தண்ணீர், இன்னொன்றில் வடிகால் தண்ணீர். இரண்டிலும் ஏரியில் பிடித்த கெண்டைப் பொடிமீன்களை விட்டு, டீக்கடை முன்னால் வைத்தார். மறுநாள் காலையில் ஊரே வந்து எட்டிப் பார்த்தது. ஏரிப் பானையில் மீன் துள்ளியது. வடிகால் பானையில் எல்லாம் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன.

கூட்டத்தில் சத்தமாகப் பேசியவர் முனிரத்தினம். ஊரார் அவரை நைனா என்பார்கள். கடைசி வயல் அவருடையது, வடிகாலின் வாய் அவர் நிலத்தில்தான் இருந்தது. தடித்த ஆள், நல்ல சிரிப்பு, பிடிவாதத்தில் எருமை. பானையில் வெயில் பட்டிருக்கும் என்றார். நிழலில் வைத்தோம். பானையே சரியில்லை என்றார். பானையை மாற்றினோம். மூன்றாவது தடவையும் மீன் செத்ததும் தலையைச் சொறிந்துகொண்டு, “சரி, இன்னா பண்ணலாம், சொல்லு சேவக்கு” என்றார்.

பண்ண வேண்டியது எங்களுக்குத் தெரியும். எல்லாரும் ஒரே வாரத்தில் மருந்தடிக்க வேண்டும். அடித்த தண்ணீரை வரப்புக்குள்ளேயே கட்டி வைக்க வேண்டும். விஷம் அடங்கிய பிறகு எல்லாரும் ஒன்றாக வடிக்க வேண்டும். டப்பாவை வடிகாலில் அலசக் கூடாது, வயலோரம் குழி வெட்டிக் கழுவ வேண்டும். வாயால் சொல்ல எளிது. கட்டி வைத்த தண்ணீரை ஒருவன் முந்திக்கொண்டு திறந்தால் போச்சு. யார் காவல்? அடங்கிவிட்டது என்று யார் சொல்வது? அதற்கு வழி சொன்னவரும் முனிரத்தினம்தான். ஏரித் தண்ணீர் வாங்க ஊரில் முறை இருந்தது. இந்த வாரம் யாருக்கு வாங்குகிற முறையோ, அவரே வடிமடையில் மீன் பானையை வைத்துப் பார்க்கட்டும், மீன் உயிரோடு இருந்தால் அவர் திறந்துவிடட்டும் என்றார். “வாங்கறதுக்கு முறை வெச்ச நம்ம பெரியவங்கோ, வடிக்கறதுக்கு வெக்காம பூட்டாங்கோ” என்று சிரித்தார். அன்றிலிருந்து ஊரில் அதற்குப் பானை முறை என்று பெயர்.

அந்த நவரைப் போகம் ஒழுங்காகப் போயிற்று. ஒரே வாரத்தில் தெளிப்பான்கள் எல்லாம் வயலில் இறங்கும். எனக்கு நிலைகொள்ளாது. விடிந்ததும் சைக்கிளில் வடிமடை வடிமடையாகப் போய்ப் பார்ப்பேன். யாராவது மண்ணைக் கொத்தியிருந்தால் நானே வாரி அடைப்பேன். கன்னியம்மா புதுக் குஞ்சுகளை வாங்கிக் குட்டையில் விட்டாள்.

அடுத்த நவரையில்தான் வந்தது வினை. முனிரத்தினத்தின் முறை. கடைசி வயல் என்பதால் மேலே கசிந்த தண்ணீர் எல்லாம் அவர் வயலில் வந்து நின்றது. பயிர் மஞ்சள் பூத்தது. அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. பானையில் மீன் உயிரோடு இருக்கிறது என்று எல்லாருக்கும் சொல்லிவிட்டுத் திறந்துவிட்டார். மறுநாள் குட்டையில் ஒரு மீன் பாக்கியில்லை. கன்னியம்மாவின் வாத்துகள் கரையோரம் சாய்ந்து கிடந்தன. சேரியில் இரண்டு பேருக்கு வாந்தி. மாட்டு வண்டியில் பொன்னேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ப் பிழைக்க வைத்தார்கள்.

நான் நேரே முனிரத்தினத்தின் மடைக்குப் போனேன். “மீனு உசுரோடதான கீது, நீயே பாரேன்” என்று பானையைக் காட்டினார். கலங்கல் தண்ணீரில் ஏதோ நெளிந்தது. கையை விட்டேன். சுருக்கென்று குத்தியது. கெளுத்தி. அதன் முள் குத்தியவர்களுக்குத் தெரியும், வலி தோள்வரை ஏறும். சேற்றில் ஒரு சாண் தண்ணீர் இருந்தாலும் கிடந்து பிழைக்கிற ஜாதி அது. கெண்டை சாகிற தண்ணீரில் கெளுத்தி சாகாது. ஏரிவரை நடக்கச் சோம்பிக்கொண்டு, காலடியில் கிடைத்ததைப் பிடித்துப் போட்டிருக்கிறார்.

“கெளுத்தியும் மீனுதானே?” என்றார். தெரிந்து செய்தாரா, தெரியாமல் செய்தாரா என்று எனக்கு இன்றுவரை நிச்சயமில்லை. என் சந்தேகம், அவருக்கும் நிச்சயமில்லை. நான் அன்று அவரைத் திட்டிய திட்டு அச்சில் ஏறாது. என் அப்பன் எந்தப் பண்ணையிலும் பேசாததை எல்லாம் சேர்த்து நான் பேசினேன். அவர் என்னை அடிக்காமல் விட்டதுதான் ஆச்சரியம்.

திட்டினால் தாகம் தீருமா? பங்குனி வெயில், சேரிக்குச் சொட்டுத் தண்ணீர் இல்லை. பக்கத்தில் இருந்தது முனிரத்தினத்தின் பம்புசெட்டுக் கிணறு. அதிலிருந்து கொடுங்கள் என்றேன். ஊரில் முணுமுணுப்பு எழுந்தது. கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். மோட்டாரை ஓட்டி, வாய்க்கால் வெட்டி, சேரி எல்லை வரைக்கும் தண்ணீரை விட்டார்கள். சேரி ஜனங்கள் கிணற்றைத் தொடவில்லை, கிணற்றுத் தண்ணீரை மட்டும் குடித்தார்கள். நம் ஜனங்களின் சாமர்த்தியத்துக்கு அளவே இல்லை. குட்டையை இறைத்துக் கொட்டவும் முனிரத்தினமே ஆள் அனுப்பினார். பிறகு ஏரியில் மிச்சமிருந்த தண்ணீரைத் திறந்துவிட்டு நிரப்பினோம்.

குட்டை நிரம்பிய நாள் எல்லாரும் கரையில் கூடினோம். ஊர்க்காரர்கள் மேல்கரையில், சேரிக்காரர்கள் கீழ்க்கரையில். தேசிகன் சார் குட்டைத் தண்ணீரில் பானை வைத்திருந்தார். இந்த முறை அவரே கெண்டை பிடிக்கச் சொல்லி, அவரே பார்த்துப் பானையில் விட்டார். மீன் துள்ளியது. தண்ணீர் தேறிவிட்டது, இனிக் குடிக்கலாம் என்று அறிவித்தார்.

கன்னியம்மா தலையைக் குனிந்துகொண்டே முன்னால் வந்தாள்.

“மீனு பொழைச்சிக்கிச்சி, சரி சாமி. போன வாட்டியும் மீனு பொழைச்சிக்கினுதான் இருந்துச்சி. நீங்கோ ஒரு வாய் குடிச்சிக் காட்டுங்கோ.”

சேரிக் குட்டைத் தண்ணீர். மேல்கரையில் நின்ற ஒருவர் வாயிலும் அது பட்டதில்லை, அவர்கள் அப்பன் பாட்டன் வாயிலும் பட்டதில்லை. அந்தத் தண்ணீரில் என்ன கலக்கிறது என்று அத்தனை வருஷமும் அவர்களுக்குத் தெரியாமல் போனதற்கு அதுதான் காரணம். எனக்கு அது அந்த நொடியில்தான் உறைத்தது. யாரும் முன்வராததைப் பொறுக்காமல் நான் குட்டையில் இறங்கி, இரண்டு கையாலும் அள்ளிக் குடித்தேன். பெருமையாகத்தான் நிமிர்ந்தேன்.

கன்னியம்மா என்னைப் பார்த்தாள். “நீ குடிச்சா கணக்கில்லப்பா சேவக்கு. நீ எங்காளு.”

செவுளில் அறைந்த மாதிரி இருந்தது. அவமானமா, சந்தோஷமா என்று புரியவில்லை. இரண்டும்தான்.

எல்லார் கண்ணும் தேசிகன் சாரிடம் போயிற்று. அவர் கூஜாவைப் பிடித்துக்கொண்டு நின்றார். உதடு அசைந்தது. ஓர் அடி எடுத்து வைத்தார், அதோடு நின்றுவிட்டார். அப்போது முனிரத்தினம் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். “கெளுத்தி போட்டது என் கைதான்” என்று சொல்லி, அந்தக் கையாலேயே அள்ளிக் குடித்தார். மேல்கரையில் அவருடைய அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்துவிட்டார். அதற்கப்புறம் கொஞ்ச காலம் முனிரத்தினத்துக்குச் சொந்தக்காரர் பந்தியில் இலை விழவில்லை என்று கேள்விப்பட்டேன்.

திரும்பும்போது நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாரோடு நடந்தேன். அவர் ரயில்வே கேட்டருகே நின்று, “என்னால ஆகலைப்பா சாமுவேல்” என்றார். எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அன்றைக்குப் பிறகு அவர் கூஜா கொண்டுவருவதை விட்டுவிட்டார். ஊர்த் தண்ணீரும் குடிக்கவில்லை. மாற்றலாகிப் போகும்வரை, எந்த வெயிலிலும் ஊருக்குள் ஒரு சொட்டுக் குடிக்காமல் நாக்கு வறண்டு நடந்தார். குடியுங்கள் என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை.

கன்னியம்மா அதோடு விடவில்லை. பானை மட்டும் போதாது, யார் முறையோ அவர் குட்டையில் ஒரு கை குடித்துவிட்டுத்தான் மடையைத் திறக்க வேண்டும் என்றாள். முனிரத்தினம் குடித்த பிறகு மாட்டேன் என்று சொல்ல யாருக்கும் முகம் இல்லை. சிலர் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தார்கள். சிலர் தங்கள் பண்ணையாளை அனுப்பினார்கள். “உனுக்குப் பதிலா ஆள அனுப்பிப் போடறதுக்கு இது இன்னா கள்ள ஓட்டா?” என்று அவள் திருப்பி அனுப்பிவிட்டாள். கள்ளத்தனமாகத் திறந்த தண்ணீர் முதலில் முறைக்காரன் வாயில்தான் போகும் என்றதும் பாருங்கள், மேல் வயல்காரன் எவனும் முந்திக்கொண்டு திறக்கவில்லை. டப்பா அலசுகிறவனை ஊர்க்காரர்களே விரட்டினார்கள். சில வருஷம் அந்தக் குட்டையில் தாமரைகூடப் பூத்தது.

இதற்கிடையில் நான் சும்மா இருந்தேனா? சேரிக்குக் கைபம்பு வேண்டும் என்று மனுமேல் மனுவாகப் போட்டுக்கொண்டிருந்தேன். கும்மிடிப்பூண்டியில் தொழிற்பேட்டைக்கு நிலம் அளக்கத் தொடங்கிய சமயம், பம்பும் வந்தது. முதல் நாள் கன்னியம்மா தானே அடித்து, குடித்து, வாயைத் துடைத்துக்கொண்டாள்.

“தண்ணி நல்லாத்தான் கீது. ஆனா சேவக்கு, குட்டைத் தண்ணியக் குடின்னு இனிமே நான் யாரக் கேக்க முடியும்?”

அவள் சொன்னபடியே நடந்தது. அதுதான் அவங்களுக்குப் பம்பு வந்துடுச்சே என்று முறைக்காரர்கள் கரைக்கு வருவதை நிறுத்தினார்கள். பிறகு பானை போயிற்று. பிறகு ஒரே வாரத்தில் அடிப்பதும் போயிற்று. நான் ஓடி ஓடிச் சொல்லிப் பார்த்தேன். என்னிடம் மரியாதையாகத் தலையாட்டினார்கள், அவ்வளவுதான். பம்பு கேட்டு ஓடியவனும் நான்தானே, யாரைப் போய் நோவது? எனக்கும் ஆரணிப் பக்கம் மாற்றல் வந்தது.

போகிற நாள் காலையில் கடைசியாக ஒருமுறை பார்க்கலாம் என்று, சாரின் வழக்கப்படி கடைமடையிலிருந்து ஆரம்பித்தேன். முனிரத்தினத்தின் வடிமடையில் ஒரு புதுப் பானை இருந்தது. கையை விடாமல் குனிந்து பார்த்தேன். கெண்டைதான். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குட்டையில் இறங்கிக்கொண்டிருந்தார். அவருடைய முறை அது. மற்றவர்கள் முறையை மறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. கீழ்க்கரையில் கன்னியம்மா கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வாத்துகள் அவரைச் சுற்றிக் கத்தின. அவர் ஒரு கை அள்ளிக் குடித்தார்.

“இன்னும் எதுக்கு நைனா இது? அவங்களுக்குத்தான் பம்பு வந்துடுச்சே” என்றேன்.

“இதுங்களுக்குப் பம்பு அடிக்கத் தெரியாதே சேவக்கு” என்று சொல்லிவிட்டு, கரையேறிப் போய் மடையைத் திறந்தார்.